எட்டாவது பொருள்

அந்த அகராதி அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியருக்கு 'மேலட்டை' என்று பட்டப்பெயர். பெயர் மட்டும் பளபளவென்று மேலே இருக்கும், உள்ளே சரக்குக் கிடையாது. பெயர் சூட்டியவள் சீட்டம்மா. பதினோரு வருஷமாகச் சொற்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் அடுக்குகிறவள்.

'கொய்' என்ற பழைய சொல்லுக்கே எட்டு மாதம் உழைத்திருந்தாள். பூவைக் கொய்வது, கதிரைக் கொய்வது, தலையைக் கொய்வது, துணியை மடித்துக் கொய்வது. அதிலிருந்து கொய்சகம், அது தேய்ந்து இடுப்பில் செருகும் கொசுவம். இப்படி ஏழு பொருள். அவள் எழுதும் எதையும் மேலட்டை தன் ஆய்வாக்கிக்கொள்வார். படித்துப் பார்த்துத் திருடினாலாவது மதிக்கலாம். அந்தச் சிரமமும் படமாட்டார், சோம்பேறி.

அதனால் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: 'வெட்டிய நகத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துவைத்தல்.' சுத்தப் புளுகு. திருடனைப் பிடிக்க அகராதிக்காரர்கள் வைக்கும் பொறி. சீட்டின் பின்பக்கம் உண்மையை எழுதி, தேதியோடு கையெழுத்தும் போட்டாள்.

முதல் பக்கத்தில் யார் பெயர் என்று முடிவு செய்யக் குழு கூடியது. அவளுடைய பதினோரு வருஷ உழைப்பும் அந்த ஒரு வரியில்தான் நின்றது. மேலட்டை சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த எட்டாவது பொருள் நானே தேடிக் கண்டுபிடிச்சது. எங்கம்மா தினம் சொல்வாங்க, 'டேய், நகத்தைக் கொய்யாம எந்திரிக்காதே'ன்னு."

குரல்கூடத் தழுதழுத்தது. பெற்றவளையே பொய்ச்சாட்சிக்கு இழுக்கிறானே என்று சீட்டம்மா நினைத்தாள்.

"எங்க அத்தைகூட அப்படித்தான் சொல்லும்" என்றார் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

"எங்க வீட்லயும்தான்" என்று தலையாட்டினார் குழுத் தலைவர்.

அவர்களுமா! ஒருவனைப் பிடிக்க வைத்த பொறியில் மூன்று எலிகள். சீட்டம்மா எழுந்தாள்.

"ஐயா, அந்தச் சீட்டைக் கொஞ்சம் திருப்பிப் படிங்க."

மேலட்டை திருப்பினார். தலைவர் வாங்கி உரக்கப் படித்தார்: "'இப்படி ஒரு பொருள் கிடையாது. நானே கட்டிவிட்டது. அச்சுக்கு முன் நீக்கவும்.'"

கீழே சீட்டம்மாவின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. பேராசிரியர் கைகளை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். தலைவர் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் மேலட்டையின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார்.

சீட்டம்மா பெட்டியை மூடினாள்.

"வேற யாருக்காவது அம்மா, அத்தை ஞாபகம் வருதா?"