அண்ணி அழவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் வாங்கிய திட்டில் பிறந்தது. என் அண்ணி இசைவாணியை வைத்து நான் எழுதிய கதை அச்சில் வந்தது. படித்துவிட்டு ஊரிலிருந்து போன் செய்தாள்.

“பிரதீபா, நான் எப்ப அழுதேன்?”

அவள் கணவர், என் பெரியண்ணன், இறந்து மூன்றாம் மாதம், குறுவை நடவு. எங்கள் பக்கத்தில் முதல் நாற்றுமுடியைச் சுமங்கலிதான் நட வேண்டும். எந்த வீட்டுப் பெண் நடுகிறாளோ, சாகுபடி அந்த வீட்டுக்கு என்று ஊர் எடுத்துக்கொள்ளும். சின்னண்ணன் நெடுமாறன் தன் மனைவியோடு வந்து நின்றான். அண்ணிக்கு இருப்பதே அந்த மூன்று மா நிலம்தான்.

2

பழைய கதையின் கடைசி வரி: ‘முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அண்ணி வரப்பிலேயே ஒதுங்கி நின்…’

(அடித்துவிட்டேன். நம் கதைகளில் வீட்டுப் பெண்கள் விட்ட கண்ணீரைச் சேர்த்திருந்தால் மேட்டூரைத் திறக்கவே வேண்டியிருக்காது.)

மாற்றி எழுதினேன். அண்ணி சேற்றில் இறங்குகிறாள்; நடவுப் பெண்கள் இருபது பேரும் கூடவே இறங்கிக் குலவையிடுகிறார்கள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. போனில் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தியும் வாயத் தொறக்கலையே. எல்லாரும் வரப்புல நின்னீங்க. நீயும்தான் நின்ன.”

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

நெடுமாறன் வழியை மறித்தான். “வீட்டுக்குப் போங்க அண்ணி. சாங்கியம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அவரு இருந்தப்பவும் இந்த வயல்ல நட்டது நான்தான் தம்பி. தள்ளுங்க.”

இறங்கினாள். நாற்றுமுடியைப் பிரித்து வடகிழக்கு மூலையில் நட்டாள். முதல் நாற்று ஊன்றியதும் மற்றவர்கள் குலவையிட வேண்டும். யாரும் இடவில்லை. தனக்குத் தானே இட்டால் சிரிப்பார்களோ என்று ஒரு நொடி தயங்கினாள். (எனக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாள்.) சிரித்தால் சிரிக்கட்டும். முதுகை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றி, அடுத்த ஊருக்கே கேட்கும்படி ஒற்றை ஆளாகக் குலவையிட்டாள். பிறகு குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினாள்.

இதைக் கண்ணால் பார்த்த நான்தான் கண்ணீர் என்று எழுதினேன். அழுகிற பெண்ணை எழுதுவது சுலபம், வேறு காரணமில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் இவளுக்கு நான் நாத்தனார் என்பதில் எனக்குள்ள கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

4

முடிவு இரண்டு வைத்திருந்தேன்.

(அ) நெடுமாறன் திருந்துகிறான். (சிரிக்காதீர்கள்.)

(ஆ) குறுவை நன்றாக விளைகிறது; ஊர் வாயடைத்துப் போகிறது. விளைந்தது உண்மை. ஊருக்கு வாய் அடைக்கவில்லை. வருகிற புதன்கிழமை அடுத்த போகமான தாளடி நடவு. இந்த முறை ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிவந்து தடுக்கப்போவதாக நெடுமாறன் சொல்லித் திரிகிறான்.

“வர்றியா?” என்றாள் அண்ணி.

“வர்றேன் அண்ணி.”

“வந்தா சேத்துல எறங்கணும். வரப்புல நிக்கிறதுக்கு வராத.”

எனக்குக் குலவையிட வராது. இரண்டு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள். புதன்கிழமை அந்த வயலில் எத்தனை குரல் எழும் என்று தெரியாமல் கடைசி வரியை எழுத மாட்டேன். அதற்கு நான் ஒருத்தி போதாது. நீங்களும் வர வேண்டும்.