கம்பசுக்குச் சம்பந்தம் பேசப் போனது

இந்தக் காலத்து மனிசருக்கு வீட்டுப் படலை எதற்கு இருக்கிறதென்றே தெரியாமல் போய்விட்டது. பிள்ளை பிறந்தால் போனில் படம். ஆள் செத்தால் போனில் படம். கலியாணத்துக்குச் சொல்வதும் போனில்தான். அதற்குக் கீழே கைகூப்பின பொம்மை ஒன்று. படலையைத் திறந்து நேரில் வந்து, செருப்பைக் கழற்றி, பாயில் இருந்து, ஒரு வாய் வெற்றிலை போட்டு, "இதுதான் சங்கதி" என்று சொல்ல ஒருவருக்கும் இடுப்பு வளைவதில்லை. பழுகாமத்து நல்லரத்தினத்துக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும். ஊராரை நினைத்து எரிந்தது போதாதென்று, இப்போது பெற்ற பிள்ளையை நினைத்தும் எரிந்தது.

கடைசி மகள் யசோதினி கம்பசுக்குப் போய் ஒரு வருசம். கலைப்பீடத்தில் முதல் வருசம் எல்லாரும் எல்லாம் படிக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு சிறப்புப் பட்டம் செய்யலாம். அன்று பின்னேரம் விடுதியிலிருந்து அழைத்தவள் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"அப்பா, மாக்ஸ் காணும், குறையில்ல! நாளைக்கு நேர்முகம் மட்டும்தான். அதுல எடுத்தாங்க எண்டா இனி எனக்கு வரலாறு, வரலாறு, வரலாறுதான்! கன பேர் கேட்டிருக்காங்க, கொஞ்சப் பேரத்தான் எடுப்பாங்க. எடுக்காட்டி..." குரல் இறங்கியது. "எடுக்காட்டி பொதுப் பட்டம்தான். மறுகா கேக்கவே ஏலாது."

"ஆர் போய்க் கேக்கிற?"

"நான்தான்."

"தனியவா?"

"பின்ன? எல்லாரும் தனியத்தான் அப்பா."

நல்லரத்தினம் போனை மனைவி ஆச்சிப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு முற்றத்தில் இறங்கி நடந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவினவர் அவர். வரலாறு என்றால் செத்துப்போன ராசாக்களின் சண்டை. அதைப் படித்து எவன் வயல் விளைந்தது என்பது அவருடைய கட்சி. ஆனால் கேட்டுப் போகிற முறை அவருக்குத் தெரியும். இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண் வீட்டார்தான். பெரியவர்கள் போக வேண்டும், வட்டாத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால், இவர்களுக்கு அவ்வளவு விருப்பமில்லைப்போல என்று நினைத்து, அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இங்கே கேட்கிறவர்களோ கன பேர், கொடுக்கிறதோ கொஞ்சம். பிள்ளையைத் தன்னந்தனியாக விட்டுவிட்டு வீட்டில் குந்தியிருந்தால் அவன் என்ன தகப்பன்?

"இது என்ன கலியாணமா?" என்று போனை வைத்துவிட்டு ஆச்சிப்பிள்ளை அவரிடம் கேட்டாள். "புள்ளைட மானத்தக் கெடுக்காம பேசாம இரிங்க."

"கேக்கிற எண்டா கேக்கிறதுதான். மாப்பிள்ளைய எண்டா என்ன, படிப்ப எண்டா என்ன?"

மறுநாள் காலை அவரும் அவருடைய அக்கா சீதேவியும் பஸ்ஸில் இருந்தார்கள். சீதேவியின் மடியில் வெள்ளைத் துணியால் மூடின பித்தளை வட்டா. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பயத்தம் பணியாரம். அவருடைய கால்களுக்கு நடுவில் எருமைத் தயிர் நிறைந்த மண்முட்டி. பட்டிருப்புப் பாலத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் முட்டியை முழங்காலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டர் வட்டாவைப் பார்த்துச் சிரித்தான். "ஐயா, மாப்பிள எந்த ஊரு?"

"மாப்பிள இல்ல. வரலாறு."

"அது எவடத்து ஆள்?"

"பேசாம டிக்கட்டக் கிழி," என்றாள் சீதேவி.

கம்பஸ் வாசலில் நின்ற காவலாளி வட்டாவைக் கண்டதும் ஏதோ பூசைக்காரர் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, வழியும் காட்டிவிட்டான். வரலாற்றுத் துறைக்கு முன்னால் மாமர நிழலில் பிள்ளைகள் கோப்புகளோடு நின்றார்கள். ஒருத்தி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள், மந்திரம் மாதிரி. இன்னொருத்தன் நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கே வந்துவிட்டான். யசோதினியைக் காணவில்லை. உள்ளே போய்விட்டாளாம்.

விறாந்தையில் ஏறி, யன்னல் பலகை இடுக்கால் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் முக்காடு போட்ட ஒரு அம்மா. அவர்தான் துறைத் தலைவி, காத்தான்குடிக்காரி, பெயர் ஸஹீதா என்று மரத்தடியில் சொன்னார்கள். பக்கத்தில் தாடி வைத்த இளம் விரிவுரையாளர், ரிஸ்கான். இந்தப் பக்கம் அவருடைய மகள், முதுகை நிமிர்த்திக்கொண்டு, பாடமாக்கினதை ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். ராசாக்கள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர்.

"இதெல்லாம் புத்தகத்துல இருக்கு மகள்," என்றார் ஸஹீதா. "வெளிய நிக்கிற எல்லாரும் இதத்தான் சொல்லப் போறாங்க. நீங்க என்ன தேடப் போறீங்க? உங்களுக்குத் தெரியாதது என்ன?"

யசோதினி வாயைத் திறந்தாள். "ஒல்லாந்தர்..." என்று பாடமாக்கினதே மறுபடி வந்தது. திரும்பவும் திறந்தாள். அதே ஒல்லாந்தர்தான்.

நல்லரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை தனிய மாட்டிக்கொண்டு முழிக்குது! "அக்கா, வா," என்றார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வட்டாவை வாங்கி, மேசையில் கிடந்த காகிதங்களுக்கு மேலேயே வைத்தார். தயிர் முட்டியை ரிஸ்கானுக்கு முன்னால் வைத்தார்.

"அப்பா!" யசோதினியின் முகம் செத்துப்போயிற்று.

"நாங்க பழுகாமம்," என்றார் நல்லரத்தினம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இது என்ட மகள். கேட்டு வந்திருக்கம். எங்கட புள்ளையில ஒரு குறையும் இல்ல. கையெழுத்து முத்து மாதிரி. வாய் கொஞ்சம் நீளம்."

"அது அவட அப்பாட பக்கம்," என்றாள் சீதேவி.

ரிஸ்கான் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினார். "என்ன இது? நேர்முகத்துக்குச் சாமான் கொண்டு வாறதா? மேடம், இதுக்குப் பேர் லஞ்சம். இந்தப் பிள்ளைட பேர வெட்டணும். நாளைக்கு ஆரும் கேட்டா நாம என்ன சொல்ற?"

யசோதினியின் கண் நிறைந்துவிட்டது. லஞ்சம் என்ற சொல்லைக் கேட்டதும் நல்லரத்தினத்துக்கு நெருப்புப் பிடித்தது.

"லஞ்சமா? லஞ்சம் குடுக்கிறவன் துணியால மூடிக்கொண்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவானா? மேசைக்குக் கீழால குடுப்பான்! நான் முறைப்படி வந்தவன். பொம்பிளப் பக்கம்தான் போய்க் கேக்கிற. தம்பி, உங்கட ஊர்ல எப்பிடி? நீங்க கலியாணம் முடிச்சா?"

"ம்... ஓம்."

"எவடத்த இருக்கிறீங்க?"

"ஏறாவூர்ல."

"ஆர்ட வீட்ல?"

ரிஸ்கான் தாடியைத் தடவினார். தலைவியைப் பார்த்தார். "மனைவிட வீட்ல," என்றார், குரலைத் தாழ்த்தி. "அவட உம்மா சீதனமாக் குடுத்த வீடு."

ஸஹீதாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். "இதில ஒண்டும் நாங்க தொடமாட்டம் ஐயா, அது சட்டம். நீங்க எடுத்துக்கொண்டு போகத்தான் வேணும். ஆனா மகள், உங்கட்ட ஒரு கேள்வி. அப்பா ஏன் இதச் செய்தார்? எங்களுக்கு விளங்கப்படுத்துங்க. விளங்கப்படுத்தினா பாப்பம்."

யசோதினி கண்ணைத் துடைத்தாள். தகப்பனைப் பார்த்தாள், அடிக்கப் போகிறவள் மாதிரி. "அப்பா, நாம இருக்கிற வீடு ஆர்ட?"

"உன்ட அம்மாட."

"அதுக்கு முதல்?"

"அவட அம்மாட. இதென்ன கேள்வி?"

"நீங்க பிறந்த வீடு?"

"அது இந்தா நிக்கிறாளே, இவளுக்கு. எனக்கு அங்க என்ன இருக்கு? ஆம்பிள எண்டா போறதுதானே."

"எப்ப இருந்து அப்பா இப்பிடி?"

"எப்பவும்தான்."

"அந்த 'எப்பவும்' எண்டுறதுதான் எனக்குப் பிரச்சினை!" யசோதினி கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். "எப்பவும் எண்டா எப்ப? யாழ்ப்பாணத்துல இப்பிடி இல்ல. இஞ்ச நாமளும் இப்பிடி, காத்தான்குடியிலயும் இப்பிடி. கோயில் வேற, பள்ளிவாசல் வேற, ஆனா வீடு ரெண்டு இடத்திலயும் பொம்பிளைக்கு. மேடம், ஆர் ஆர்ட்ட இருந்து எடுத்த? இல்லாட்டி ரெண்டு பேரும் வேற எங்கயாச்சும் இருந்து கொண்டு வந்ததா? ஆம்புளையள் கடலுக்கும் வயல் வட்டைக்கும் போய் நாள்கணக்கா நிண்டதால வீடு பொம்பிளைட கைக்குப் போச்சா? பழைய காணி உறுதி எங்கயாச்சும் கிடக்கும்தானே? அதுல ஆர்ட பேர் இருக்கு?"

"விசர்க் கதை," என்றார் நல்லரத்தினம். "ஆரும் ஆர்ட்டயும் எடுக்கல்ல. உலகம் உண்டான நாளில இருந்து அப்பிடித்தான்."

"சான்று?"

"நான் சொல்றன்தானே!"

"நீங்க சொல்றது சான்று இல்ல அப்பா. ஆனா நீங்க செய்யிறது சான்று! படிப்பு ஒண்டக் கேக்கவும் வட்டாவோட வந்து நிக்கிறீங்களே, நானும் வளந்தநாள் முழுக்க இதப் பாத்துக்கொண்டுதானே இருந்தன், ஒருநாளும் ஏன் எண்டு கேக்கல்லையே!" அவள் தலைவி பக்கம் கிறுகினாள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "மேடம், எனக்குத் தெரியாதது இதுதான். இதத்தான் தேடப் போறன்."

ரிஸ்கான் எப்போதோ உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தார். "உறுதி பாக்க எண்டா ஒல்லாந்த எழுத்துப் படிக்க வேணும். படிப்பீங்களா?" என்று கேட்டார்.

"படிப்பன் சேர்!"

"கஷ்டம்."

"படிப்பன்!"

ஸஹீதா பேனையை மூடினார். "வெளிய இருங்க. பின்னேரம் பெயர் போடுவம்."

மாமரத்தடியில் சீதேவி வட்டாவைத் திறந்தாள். கொண்டு வந்ததைத் திரும்பக் கொண்டுபோகிற வழக்கம் அவளுக்கில்லை. நேர்முகத்துக்கு நின்ற பிள்ளைகளெல்லாம் பணியாரம் தின்றார்கள். வாழையிலைத் துண்டில் தயிரை ஏந்திக் குடித்தார்கள். நகம் கடித்தவனுக்கு அவள் கூடுதலாகக் கொடுத்து, "விரல விடு மனே, இதக் கடி," என்றாள்.

பின்னேரம் ரிஸ்கான் வந்து பலகையில் ஒரு தாளைக் குத்தினார். பிள்ளைகள் மொய்த்தார்கள். நல்லரத்தினம் எட்ட நின்று மகளின் பின்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்காவிட்டால் தன்னால்தான் என்று ஊர் சொல்லும், ஆச்சிப்பிள்ளை சாகும்வரை சொல்வாள். அந்தப் பின்னல் ஒருமுறை துள்ளியது. மறுகணம் யசோதினி கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள், செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது.

"எடுத்திட்டாங்க! அப்பா, எடுத்திட்டாங்க! மாமி, என்ட பேர் இருக்கு!"

சீதேவி குலவை போட்டாள். காவலாளிகூட எட்டிப் பார்த்தான். நல்லரத்தினத்தின் வாய் தன்பாட்டில் விரிந்தது. அதைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்து அடக்கினார்.

"சரி. இனி என்ன படிக்கப் போறாய்?"

"நாம ஏன் போய்க் கேக்கிறம் எண்டு. மூண்டு வருசம்!"

"மூண்டு வருசம்?" அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கேக்காட்டிக் குடுக்கமாட்டாங்க, அதான் கேக்கிறம். முடிஞ்சுது. இதுக்கு மூண்டு வருசமும் ஒல்லாந்தன்ட எழுத்தும் என்னத்துக்கு?"

"அப்பா, நில்லுங்க, உங்கட அம்மம்மாட பேர் என்ன? அவட தாய்வழிக் குடி எது? சொல்லிற்றுப் போங்க, எழுதணும்!"

"பஸ் போயிரும்," என்றார்.

அவள் பேனையோடு பின்னால் ஓடி வந்தாள். அவர் நிற்கவில்லை. முறைப்படி போய்க் கேட்டதால்தான் கொடுத்தார்கள் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மிச்சமெல்லாம் படித்தவர்களின் வாய்க்கதை. தெரிந்ததைத் திரும்பத் தேடுகிறவர்களை நம்பி ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறோமே என்று முணுமுணுத்தபடி, காலி வட்டாவோடு அக்கா பின்னால் வர, வெறுங்கையை வீசி வீசி, வாசலைத் தாண்டி றோட்டில் நடந்தார்.