திருகாணி

ஆறு வருஷமாகப் பவானிக்கு இடது மூக்கிலிருந்து மட்டும் சீழ் ஒழுகியது. நாற்றம் அவளுக்குத் தெரியாது. எதிரே நிற்பவர்கள் முகத்தில் தெரியும். யாரோடு பேசினாலும் முந்தானை மூக்கை மூடியிருக்கும். ஓரகத்தி ஆயம்மாள்தான் வாசலில் நின்றபடி வாய்விட்டுச் சொன்னாள்.

"இன்னாக்கா, எலி செத்தாப்பல வாசல் வரிக்கும் நாறுது. கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அவளே கூட்டிவந்தாள்.

டாக்டர் எழில்மதி மெல்லிய கம்பியை மூக்குக்குள் விட்டார். எதிலோ 'டொக்'கென்று தட்டியது. ஸ்கேனில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

"கல்லும்மா. உள்ள எதனா மாட்டிக்கினா அதச் சுத்தி சுண்ணாம்பு படிஞ்சிக்கினே வரும். எதனா போட்டுக்கினியா?"

"இல்லீங்க."

மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, கல்லை உடைத்து எடுத்தார்கள். கண் தெளிந்ததும் டாக்டர் ஒரு டப்பியைக் கொடுத்தார். சாம்பல் நிறத் துணுக்குகளுக்கு நடுவே மூக்குத்தியின் தங்கத் திருகாணி.

"தூக்கத்துல கழண்டு உள்ள போயிருக்கு."

பவானிக்கு உடம்பு கூசியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் மூக்குத்தி மட்டும் பாயில் கிடந்தது, திருகாணியைக் காணோம். பாயைச் சுருட்டியவள் ஆயம்மாள். திருடி என்று கத்தி, ஊர்க் கோயிலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தாள் பவானி. ஆயம்மாள் அணைத்தாள். அவள் உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகும் பவானி அவளை நம்பவில்லை. அன்றிலிருந்து ஆயம்மாள் பவானி வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை.

ஆயம்மாள் டீயோடு வந்தாள். "கல்லு எங்கக்கா? காட்டு."

"தூக்கிப் போட்டுட்டாங்க."

சொன்ன பிறகுதான் பவானிக்குத் தன் நாற்றம் முதன்முதலாகத் தெரிந்தது. டீயை ஓரமாக வைத்தாள். தலையணைக்கடியிலிருந்து டப்பியை எடுத்து நீட்டினாள்.

ஆயம்மாள் வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

"இத எங்கிட்ட இன்னாத்துக்குக் காட்டுற? அன்னிக்குக் கோயில்ல எத்தினி பேரு நின்னாங்க?"

இரண்டு நாள் கழித்து பஸ் மலையேறியது. ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். பவானியின் கை பழக்கத்தில் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனது. ஆயம்மாள் பின்னால்தான் நின்றாள்.

பவானி முந்தானையை விட்டுவிட்டு, டப்பியைத் திறந்தபடி குழாயடிக்கு நடந்தாள்.