சீலு சார் வீட்டு வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷின் நின்றுபோனதற்காக ஒரு மனுஷர் வாயெல்லாம் பல்லாக நிற்பதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். டிரம் நிறைய நனைந்த துணி. சுற்றவேண்டிய நேரத்தில் மெஷின் கர்ரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அவள் கணவர் பேப்பரைப் போட்டுவிட்டுப் பால்கனிக்கு ஓடிவந்தார். பட்டனை அமுக்கிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“வாரண்டி எப்போ முடியுது? அடுத்த மாசம். மெஷின் எப்போ நின்னுச்சு? இந்த மாசம். இப்போ சொல்லச் சொல்லு உன் தம்பிய!”

அவளுக்கோ வேறு கவலை. கம்பெனி ஆள் வருவான். மெஷினைக் கவிழ்ப்பான். கவிழ்த்தால் அவள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அவள் கணவரைக் கடைத்தெருவில் சீலு சார் என்பார்கள். தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் உத்தியோகம். கம்பியை இரண்டு துளைகளில் கோர்த்து, ஈயக் குண்டில் செருகி, குறடால் ஒரு நசுக்கு நசுக்கினால் சீல். அது உடைந்திருந்தால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் விடமாட்டார். “எடை சரியா இருக்கலாங்க. ஆனா சீல் சீல்தான்” என்பார். லஞ்சம் வாங்கமாட்டார், டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் இந்த உத்தியோகத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாதவர். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறை இன்றுவரை பிரிக்கப்படவில்லை. எண்களெல்லாம் மங்கி, எது எந்தச் சேனல் என்று தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

மெஷின் வாங்கப்போன அன்று அவள் தம்பியும் கூட வந்திருந்தான். அவனுக்கு மிக்ஸியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை ரிப்பேர் பார்க்கிற கடை உண்டு. பில் போடுகிற இடத்தில் டை கட்டிய பையன் ஒருவன் குரலைத் தாழ்த்தி, கம்பெனி தருகிற வாரண்டி சீக்கிரம் முடிந்துவிடும், இன்னும் கொஞ்சம் கட்டினால் ஐந்து வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம் என்றான். கம்பெனி மெஷினை விற்கும்போது அப்படி ஒரு மெஷின் உலகத்திலேயே இல்லை என்று சொன்னவனும் அதே பையன்தான். பில் வந்ததும் அது எந்த நிமிஷமும் உட்கார்ந்துவிடும் என்று ஆகிவிட்டது.

“வேண்டாம் மாமா” என்றான் தம்பி. “மோட்டாருக்குக் கம்பெனியே தனியா வாரண்டி தருது. மிச்சம் எதுவா இருந்தாலும் நான் பார்த்துக்கிறேன். நான் எதுக்கு இருக்கேன்?”

கடைசியில் அவன் கேட்டதுதான் வினையாகிவிட்டது. மச்சானை நம்பி மெஷின் வாங்குவதா என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குக் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் வீட்டுக்கு வந்து முதல் தடவை சுற்றியபோது பேய் பிடித்ததுபோல் குதித்தது. வழியில் ஆடாமல் இருக்க டிரம்மைப் பிடித்து மாட்டியிருந்த போல்ட்டுகளை யாரும் கழற்றவில்லை. தம்பிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் குனிந்தான்.

“கைய வைக்காதே!” என்று கத்தினார் அவர். “வாரண்டி போயிடும். இது உன் கடைக்கு வர்ற ஓட்டை உடைசல் இல்லை!”

மெஷினைத் தூக்கிவந்த ஆட்கள் இருந்தார்கள், எதிர்வீட்டு அம்மா இருந்தாள். தம்பி ஸ்பானரைப் பையில் போட்டான். இலை போட்டாயிற்று என்று அக்காள் அவன் கையைப் பிடித்தாள். “இன்னொரு நாள் அக்கா” என்று சொல்லிப் படி இறங்கிவிட்டான். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை, அதாவது அவள் கணவருக்குத் தெரிந்து.

அன்று சாயங்காலம் அவர் கம்பெனி ஆளை வரவழைத்துப் போல்ட்டுகளைக் கழற்றவைத்தார். அதோடு இன்னொரு காரியமும் செய்தார். மெஷினின் முதுகுத் தகட்டின் ஓரத்தில் இரண்டு துளை போட்டு, கம்பி கோர்த்து, தன் கையால் ஒரு சீல் வைத்தார். இனி யாராவது திறந்தால் தெரிந்துவிடும் என்று திருப்தியாகச் சொன்னார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அந்த யாராவது யார் என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் மெஷின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் சோதனைக்காக வெளியூர் போயிருந்தார். அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டுப் போட்டார்கள். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றார்கள், மறுபடியும் பாட்டுப் போட்டார்கள். ஆள் வருவார் என்றார்கள். ஆள் வரவில்லை. துணி டிரம்முக்குள் ஊறி நாற ஆரம்பித்தது. அவள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு ஈரப் புடவையோடு ஒரு நாள் போனாள், மறுநாளும் போனாள். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் முதுகுப் பக்கம் பார்த்தான். சீலைப் பார்த்துச் சிரித்தான். அதைத் தொடவில்லை. மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்து, அடிவழியாகக் கையை விட்டு, பம்ப்பைக் கழற்றி வேறொன்று மாட்டினான். தண்ணீர் சரசரவென்று போயிற்று. அவள் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் அவன் சொன்னான்: “உன் கையால சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சுக்கா.” அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. அதிலிருந்து புதன்கிழமை தவறினாலும் அவன் வரவு தவறவில்லை. அன்று அவளுக்கு அரை நாள் விடுமுறை, அவருக்கு முழு நாள் வேலை. சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான், ஒரு தட்டு கூடுதலாக ஈரமாக இருக்கக்கூடாதென்று துடைத்தும் வைப்பான்.

சொந்த வீட்டுக்குள் சொந்தத் தம்பியைத் திருடனைப்போல் வரவழைப்பது அவளுக்குப் பிடித்திருக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தாள். சொன்னால் புதன்கிழமை போய்விடும். அந்தப் பயம் எப்போதும் ஜெயித்தது.

கம்பெனி ஆள் இந்தத் தடவை சொன்ன நாளிலேயே வந்து நின்றான். வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறபோது எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மெஷின் இப்போது பால்கனியில் இருந்தது. பால்கனிக் கதவு போன மழையில் உப்பிப்போய், லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அவன் தள்ளினான், இழுத்தான், தோளால் முட்டினான். “இருங்க இருங்க” என்று அவர் வந்து தூக்கித் திறந்துவிட்டார்.

அவள் சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“இது என்ன சார், எங்க சீல் இல்லையே?”

“என் சீல்” என்றார் அவர், பெண்ணுக்கு வந்த மார்க்கைச் சொல்கிற அப்பா மாதிரி. “நல்லா பார்த்துக்கோங்க. வாங்கின அன்னைக்கு வச்சது. ஒருத்தரும் கை வைக்கலை. எழுதிக் கையெழுத்துப் போட்டே தர்றேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி சாய்ப்பான். பம்ப்பைப் பார்ப்பான். இது எங்க பம்ப் இல்லையே என்பான்.

அவன் சாய்க்கவே இல்லை. சீலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். ஆபீசுக்குப் பேசினான், நடுநடுவே “ஆமா சார், ரெண்டு” என்றான்.

“பாடியில ஓட்டை போட்டிருக்கீங்க சார்.”

“சீல் வைக்கத்தான்.”

“எதுக்கா இருந்தாலும், ஓட்டை போட்டா வாரண்டி செல்லாது சார்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த ஓட்டைக்கும் டிரம் நின்றதற்கும் என்ன சம்பந்தம், எந்த ஊர் நியாயம் இது, மேலே யாரிடம் பேசவேண்டும் என்று மூச்சுவிடாமல் கேட்டார். கம்பெனி ஆள் பொறுமையாகத்தான் நின்றான்.

“சம்பந்தம் இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா ஓட்டை ஓட்டைதான்.”

எத்தனையோ கடைக்காரர்களுக்கு அவரே சொன்ன வார்த்தை, ஆள் மாறித் திரும்பி வந்து நின்றது. கம்பெனி ஆள் பையை மாட்டிக்கொண்டு போனான். போகும்போது கதவு மறுபடியும் அவனுக்குத் திறக்கவில்லை, அவர்தான் போய்த் தூக்கிவிட்டார்.

அவளுக்குப் போன உயிர் வந்தது. வந்த கையோடு வெட்கமாகவும் இருந்தது. அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தன் குறடையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் அந்தத் தகட்டை ஒருவரும் தொடாமல் காவல் காத்தவர் கடைசியில் மாட்டிக்கொண்டதும் அதிலேயேதான்.

குறடை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, “உன் தம்பி நம்பர் இருக்கா?” என்றார்.

“தேடிப் பார்க்கணும்” என்றாள் அவள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நம்பரை. போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவதாக நடித்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், “என்னப்பா, எப்படி இருக்கே? ரொம்ப நாளாச்சு” என்றுதான் பேசவேண்டியிருந்தது. மறுமுனையில் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரு, அக்காவா?” என்றான் அந்தப் போக்கிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவர் வாசல்வரை போய், “வா மச்சான்” என்றார். அவன் “நல்லா இருக்கீங்களா மாமா” என்றான். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படியே விட்டால் போதும், எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று நினைத்தாள்.

“மெஷினைப் பார்த்துடலாமா?” என்றான் தம்பி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பால்கனிப் பக்கம் நடந்தான். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினான். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

அவர் கதவைப் பார்த்தார். தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் புளித்துண்டைக் கூடக் கண்டுபிடிக்கிற கண் அது.

தம்பிக்கும் உறைத்துவிட்டது. பாதி குனிந்தவன் அப்படியே நின்றான்.

“கதவு உப்பினது போன மழையில” என்றார் அவர். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

“மாமா, உங்க சீலை நான் தொடலை” என்றான் தம்பி அவசரமாக. “சத்தியமா. பம்ப்பு போயிருந்துச்சு, அடிவழியாத்தான் மாத்தினேன். பின்பக்கம் நான் திறந்ததே இல்லை.”

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் அவள். ஆரம்பித்தபின் நிறுத்தமுடியவில்லை. “பம்ப்புக்காகக் கூப்பிட்டேன். அப்புறம் சும்மாவே வரச்சொன்னேன். புதன்கிழமை வருவான். சாப்பிட்டுட்டுப் போவான்.”

“நான் இல்லாதப்பவா?”

“நீங்க இருந்தா வரமாட்டானே.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, உள்ளே போய்விட்டார். மேஜை டிராயர் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. தம்பி அவளைப் பார்த்தான், போய்விடட்டுமா என்கிற மாதிரி. அவள் அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

அவர் டார்ச்சும் குறடுமாகத் திரும்பி வந்தார். மெஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார், முழங்கால் கடகடவென்றது. தான் வைத்த சீலைத் தன் கையாலேயே நறுக்கினார். தம்பி தயங்கித் தயங்கி எதிரே உட்கார்ந்து முதுகுத் தகட்டைக் கழற்றினான். அறுந்த பெல்ட் ஒன்று உள்ளே சுருண்டு கிடந்தது. அவர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான்” என்றார் அவர், பெல்ட்டைப் பார்த்தபடியே. “புதன்கிழமை நானும் லீவு போட்டு வீட்ல இருந்தா, வருவியா?”

தம்பி ஸ்பானரைக் கையில் உருட்டினான்.

“டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க மாமா” என்றான். “வருவேன்.”

அவள் சமையலறைக்குப் போய் மூன்று தட்டுகளை எடுத்துவைத்தாள்.