மூன்று மணி என்றால் மூன்று மணி

காஸ்பாரைப் பழிவாங்காமல் ஜெனிவாவை விட்டுப் போவதில்லை என்று இங்குன் வைராக்கியமாக இருந்தாள். அங்குள்ள உலக நாடுகளின் சபையில் இருவரும் தூதர்கள்; அவள் நார்வேக்காரி, அவர் இன்னொரு நாட்டுக்காரர், வாய் நிறையத் தேன்.

மாற்றுத்திறனாளிகளைக் காப்பக விடுதிகளில் பூட்டிவைக்கக் கூடாது என்று வருடாவருடம் தீர்மானத்தில் எழுதுவாள் இங்குன். கடைசி நாள் மதியம் காஸ்பார் பெரிய நாடுகளின் ஆட்களை மட்டும் விருந்துக்கு அழைத்துப் போவார். பழைய உணவகம், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலிக்காரியான இங்குன் கீழேயே தங்கிவிடுவாள். ஒயின் வாசனையோடு சபைக்குத் திரும்பி, அவள் வரியில் 'முடிந்தவரை' என்று வாய்மொழியாக ஒரு திருத்தம் சேர்ப்பார் காஸ்பார். அத்தோடு வரி செத்தது. பூட்டு பூட்டாகவே இருக்கும்.

"உனக்கு எதுக்கும்மா படியேறுற கஷ்டம்? உனக்கும் சேர்த்து நாங்களே பேசிட்டோம்," என்று ஒருமுறை தோளைத் தட்டினார். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த வருடம் சபைத் தலைமை அவளுக்கு வந்தது. மூன்று மணிக் கூட்டம் மூன்றரைக்குத்தான் தொடங்கும் என்பது அந்தக் கட்டடத்தில் எழுதாத சட்டம். கடைசி நாள் மூன்றடித்ததும் இங்குன் மைக்கைத் தட்டினாள்.

செயலாளர் நியாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், பெரிய ஆளுங்க யாருமே வரலையே!"

"விருந்துக்குக் கூப்பிடாதவங்க எல்லாம் இருக்காங்கல்ல? கூட்டம் நடத்த இத்தனை பேர் போதுமா, பாத்துச் சொல்லு."

கண்ணை ஓட்டினான். போதும்.

வரியை வாசித்தாள். ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். ஆட்சேபிப்பவர்கள் தங்கள் நாட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்த வேண்டும்; ஒன்றும் நிமிரவில்லை. சுத்தியலை ஓங்கி அடித்தாள், நிறைவேறியது.

பல்லைக் குத்திக்கொண்டே வந்த காஸ்பாருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிப்போனது. நேராக மேடைக்கு வந்தார். "என்னம்மா அநியாயம் இது! அந்த வரியைத் திரும்ப விவாதத்துக்குத் திற."

"திறக்கணும்னா சபை மொத்தமும் சம்மதிக்கணும். கேட்டுப் பாக்கட்டுமா சார்?"

கேட்டாள். பின்வரிசையில் பெயர்ப்பலகைகள் மறுப்பாக ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தடுக்க ஒன்றே போதும், இருபதுக்கு மேல் நின்றன.

காஸ்பார் குனிந்து அவள் காதருகே கெஞ்சினார். "இங்குன், கொஞ்சம் தயவு பண்ணு. அந்த விடுதி முதலாளிங்க என்னை நம்பி இருக்காங்க. ஊருக்குப் போனா என்னைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டும்," என்றாள்.

மைக்கை அவள் அணைக்கவில்லை. முதலாளிகள் பேச்சு சபை முழுக்கக் கேட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு வார்த்தை விடாமல் ஆறு மொழிகளிலும் சொல்லி முடித்தார்கள். இங்குனுக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த தீர்மானத்தை எடுத்தாள்.