சோப்பு முதலாளியின் உயில் வளர்ந்த விதம்

சோப்பு முதலாளி இறந்த மூன்றாவது திங்கட்கிழமை காலையில் அவருடைய உயிலில் ஒரு வரி கூடியிருந்தது. வக்கீல் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், பிறகு குமாஸ்தாவைத் திட்டினார், பிறகுதான் இரும்பு அலமாரியின் பூட்டைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. வரி முதலாளியின் எழுத்தில், அவர் வழக்கப்படி வலது பக்கம் சரிந்து, மை சரியாகக் காயாமல் இருந்தது. ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் உள்ள தன் மாடி வீட்டைப் பிரசவ விடுதியாக்க வேண்டும் என்று சொன்னது. பாலத்தின் ஓரத்தில் அவருக்கு வீடு கிடையாது. அங்கே யாருக்குமே வீடு கிடையாது, முழங்கால் வரை சேறுதான். எதற்கும் பார்த்துவிட்டு வரட்டுமென்று அனுப்பப்பட்ட குமாஸ்தா மதியம் திரும்பி வந்து, மாடி வீடு இருக்கிறது, எட்டு அறைகள், சுவரில் சுண்ணாம்பு காய்ந்துவிட்டது, பின்கதவை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சாத்த வேண்டியிருக்கிறது என்று சொன்னார்.

இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை, எல்லாம் வக்கீலின் சோம்பேறித்தனம் என்பது ஊரின் கருத்து. என் கருத்தும் அதுவே. வக்கீல் எழுதும் உயில்களுக்கு வழக்கமான சாட்சிகள் எதிர்க்கடைத் தையற்காரரும் பக்கத்து மருந்துக்கடைக்காரரும். வியாபார நேரத்தில் கூப்பிட்டால் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் கடை திறக்கும் முன்பே வெற்றுத்தாளின் தலையில் அவர்களிடம் கையொப்பம் வாங்கிவிடுவார். உயில் எழுதுகிறவரும் மேலேயே போட்டுவிடுவார். விஷயம் அப்புறம் கீழே இறங்கும். இருபது வருடமாக இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, ஏனென்றால் மற்றவர்களெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் செத்தார்கள். முதலாளி அரைப் பக்கம் எழுதி, மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கீழே அடைப்பு இல்லாத உயில் ஓடத்தானே செய்யும்.

திங்கட்கிழமைதோறும் ஒரு வரி வந்தது. கண் தெரியாதவர்களுக்கு ஒரு நூலகம், தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி, தபால்காரர்கள் எல்லோருக்கும் செருப்பு. வரி வந்த மதியத்துக்குள் பொருளும் வந்துவிடும். ஊருக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பமே அதிகம். கணக்கெடுக்க வந்தவர்கள் முதலாளியை இறந்தவர் என்று எழுதுவதா, வெளியூர் போயிருப்பவர் என்று எழுதுவதா என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்கள். நன்றிக்கூட்டம் போட்டவர்கள் அவர் படத்துக்கு மாலை போடலாமா கூடாதா என்று வாக்குவாதம் செய்தே கூட்டத்தை முடித்தார்கள்.

எல்லோரையும்விடக் குழம்பிப்போனவர் முதலாளியின் தங்கை. ஊருக்கே அவர் தங்கச்சியம்மா. கல்யாணம் செய்துகொள்ளாமல் இருபத்துமூன்று வருடம் அண்ணன் வீட்டைக் கட்டிக் காத்தவர். கடைசி இரண்டு வருடம் அவருக்குச் சவரம் செய்துவிட்டதும் இவர்தான். முதலாளி உயிரோடு எழுதிய அந்த அரைப் பக்கத்தில், அவர்கள் இருந்த வீடு பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனது. தங்கையின் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இது இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். வக்கீல் கொஞ்சம் வெட்கப்பட்டு, உயில் முடிகிறவரை பின்கட்டு அறையில் இருந்துகொள்ளலாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார். ஆகவே தங்கச்சியம்மா, உயில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், ஆனால் முடிந்துவிடக் கூடாது என்று ஒரே மூச்சில் வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. திங்கள்தோறும் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவார். யாருக்கோ எதுவோ போயிருக்கும். கேட்டுவிட்டு, பாடம் நடக்கும் வகுப்பறைகளைத் தாண்டித் தன் அறைக்குப் போவார்.

நான்காம் வருடம் ஒரு வழக்கு வந்தது; போட்டவன் முதலாளிக்கும் மூத்தவராய், எப்போதோ இறந்துபோன இன்னொரு அண்ணனின் மகன். செத்தவன் எழுதிய உயில் செல்லாது, சொத்தெல்லாம் அத்தைக்கும் தனக்கும் வர வேண்டும் என்பது வழக்கு. அதில் அவன் சொன்னதெல்லாம் நியாயம்தான். அத்தையின் ஒரு வார்த்தை போதும் என்று அவன் மூன்று மாதம் அவர் அறை வாசலில் தவம் கிடந்தான். நீதிபதி காகிதக்கட்டைத் தங்கச்சியம்மாவிடம் கொடுத்து, பிந்தைய வரிகள் அண்ணன் எழுதியவைதானா, நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார். இல்லை என்று சொன்னால் உயில் முழுவதுமே செல்லாமல் போய், வீடு அவருக்கு வந்துவிடும். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். தன்னைத் தவிர ஊரில் எல்லோரும் அதில் இருந்தார்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“அண்ணன் எழுதுனதுதாங்க,” என்றார். “எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல.”

மருமகன் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. உயில் செல்லும் என்று தீர்ப்பானது. தங்கச்சியம்மா அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று பள்ளிக்கூடத்து ஆயா சொன்னாள். தான் செய்தது பெருந்தன்மையா பைத்தியக்காரத்தனமா என்று அவருக்கே புரியவில்லையாம். எங்களுக்கும் புரியவில்லை.

வருடங்கள் போயின. பாலத்தோர விடுதியில் பிறந்த பெண்கள் அதே விடுதிக்குப் பிரசவத்துக்கு வந்தார்கள். தையற்காரர் போய்ச் சேர்ந்தார். உயிலும் அதைச் சேர்ந்த பத்திரங்களும் மூன்று அலமாரிகளை அடைத்துக்கொண்டன. இருபத்திரண்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, வக்கீல் வரியைப் படிக்கத் தொடங்கி நிறுத்தினார். எழுந்து வந்து தங்கச்சியம்மாவின் பக்கத்தில், அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு படித்தார்.

‘என் தங்கைக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எதை எழுதப்போனாலும் குறைவாகத் தெரிகிறது. அதுவரை கை சும்மா இருக்க வேண்டாமென்று மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.’

தங்கச்சியம்மா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் அழுதார், நடுவில் கொஞ்சம் சிரித்தார். விடுதியும் நூலகமும் தீயணைப்பு வண்டியும் எதற்காக வந்தன என்பது அப்போதுதான் வக்கீலுக்கும் விளங்கியது.

“அவசரம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க,” என்றார் தங்கச்சியம்மா.

“யாருகிட்டம்மா சொல்றது?”

“தாளை உள்ள வைக்கும்போது சொல்லுங்க. அண்ணன் கேட்டுக்குவார்.”

சட்டம் படித்த மனிதர், அலமாரிக்குள் தலையை விட்டு அப்படியே சொன்னார். அடுத்த திங்கட்கிழமை வரி பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்டது. அன்று மதியம் நல்ல மழை. தங்கச்சியம்மாவும் பள்ளிப்பிள்ளைகளோடு அதன் கீழ் நின்று, பஸ் வந்ததும் ஏறித் தன் அறைக்குப் போனார்.