பெட்டி மேல் ஒரு கோடாலி

நான்கு துறைப் பேராசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் டீ ஆறுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன். மின்பொறியியல் ஒன்று சொல்லும், பொருளாதாரம் அதற்குச் செலவு கேட்கும், கால்நடை மருத்துவம் கோழியை விட்டு இறங்காது. எல்லோரும் பேசி முடித்த பிறகு எங்கள் சமூகவியல், "மக்களைக் கேட்டீர்களா?" என்று ஆரம்பிக்கும். நான் ஜெனிஃபர், சாலவாக்கத்துக்காரி. அப்படிப் போய்க் கேட்டுவருகிற வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிலக்கரி எரிக்காத மின்சாரத்துக்கு ஒரு சின்ன ஊர் முழுசாக மாற முடியுமா என்பது ஆராய்ச்சி. உத்திரமேரூரைத் தாண்டி ஏரிக்கரையோரம் இருக்கிற இருளர் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் பத்து வீடு. போன வருஷம் வரைக்கும் அங்கே மண்ணெண்ணெய் விளக்குதான். உலகத்தைச் சூடாக்கியதில் இந்தப் பத்து வீட்டின் பங்கு என்ன என்று கூட்டத்தில் கேட்டேன். நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்கள்.

ஆனாலும் வேலை நடந்தது. சோலார் பலகைகள் வந்தன, பேட்டரி வந்தது, வீட்டுக்கு வீடு விளக்கும் மின்விசிறியும் வந்தன. கடைசியாகக் கோழி முட்டைகளைப் பொரிக்கவைக்கும் ஒரு பெட்டி வந்து, வீடுகளுக்கு நடுவே இருந்த பொதுக் கொட்டகையில் உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பச்சையம்மாள் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வருஷா வருஷம் மரம் வெட்ட ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியின் வேன் வரும். அவளும் அவள் புருஷன் இருசப்பனும் கோடாலியோடும் பிள்ளைகளோடும் ஏறிப் போவார்கள். திரும்பி வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்திருக்கும். இந்த முதல் ஈடு பொரித்துவிட்டால் குஞ்சு விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம், வேன் ஏற வேண்டாம். பொரிக்காவிட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்று குழுவில் முன்பே முடிவு செய்திருந்தார்கள். பெட்டியில் வைக்கப் பத்து வீட்டுக்காரர்களும் முட்டை கொடுத்திருந்தார்கள்.

பெட்டி வந்த நாளே தகராறு. அடைகாக்கும் முட்டைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது அங்கே வழக்கம். பச்சையம்மாள் பெட்டிக்குள் இருசப்பனின் கோடாலியைச் செருகிவைத்துவிட்டாள். மின்பொறியாளர் ஸ்ரீகாந்த் வந்து பார்த்துப் பதறிப்போனார். விசிறிக்குக் காற்றுப்போக வழியில்லை என்று எடுத்து வெளியே வைத்தார். அவர் கார் ஏரிக்கரை திரும்புவதற்குள் கோடாலி மறுபடி உள்ளே போய்விட்டது. கடைசியில் நான் பஞ்சாயத்துப் பண்ணி, காற்றுத் துளைகளை மறைக்காமல் பெட்டியின் மேல் வைப்பது என்று முடிவானது.

முட்டை வைத்த மூன்றாம் வாரம் புயல் சின்னம் வந்தது. சூரியன் அட்ரஸ் இல்லாமல் போனது. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. மின்சாரம் குறைந்தால் முதலில் எதை நிறுத்த வேண்டும் என்று சோலார் கருவியில் ஓர் ஏற்பாடு இருந்தது. எது ரொம்ப முக்கியம் என்று நாங்கள் கேட்டபோது பத்து வீடும் விளக்கு என்றார்கள். அதனால் விளக்கு கடைசிவரை எரியும், பெட்டிதான் முதலில் அணையும். அதை மாற்ற ஸ்ரீகாந்த் நேரில் வர வேண்டும். அவர் சென்னையில், முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியே போனால் இன்று சாயங்காலம் பெட்டி நின்றுவிடும், கொஞ்சம் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் என்றார் போனில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் ஏரிக்கரையில் இருட்டு என்றால் பூச்சி பொட்டு வரும். நேற்றுத்தான் வெளிச்சத்தைப் பார்த்தவர்களிடம் போய் அணை என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் உங்கள் ஏசியை அணையுங்கள் என்றேன். பச்சையம்மாளுக்குப் போன் போட்டு நிலைமையை மட்டும் சொன்னேன். அவள் 'ம்' என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் என் போனில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரு கோடு, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும். ஒரு கோடு தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தும் விழுந்துவிட்டன. வயர் அறுந்துவிட்டது, எல்லாம் போச்சு என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தபோது குடியிருப்பே இருட்டாக இருந்தது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மஞ்சள் வெளிச்சம். பெட்டியின் கண்ணாடி. அதைச் சுற்றிப் பத்து வீட்டு ஆட்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

யார் அணைக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல மேடம்," என்றாள் பச்சையம்மாள். "நான் எங்க வூட்ட அணைச்சிட்டு இங்க வந்து குந்திக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஒரு வூட்லயும் வெளக்கு இல்ல."

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, பெட்டியின் பலகையில் காதை வைக்கச் சொன்னாள். முதலில் விசிறிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல். அதற்குப் பதில் மாதிரி இன்னொன்று. ஒரு முட்டையும் இன்னும் உடையவில்லை. ஓட்டுக்குள் இருந்தபடியே ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. போன வாரத்து வெயிலில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டு உள்ளே உயிராகிப் பேசிக்கொண்டிருந்தது. கோடு கோடாக எத்தனையோ மாதம் பார்த்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று மலைத்துப் போனேன். அந்த இருட்டில் எழுந்து நிற்கத் தோன்றவில்லை, மண்டியிட்டபடியே இருந்தேன்.

ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டேன்.

விடிந்தபோது தண்ணீர் வடிந்து மழை தூறலாகியிருந்தது. ஒரு முட்டையில் மட்டும் சின்ன விரிசல். ஏரிக்கரையில் ஹாரன் கேட்டது. மேஸ்திரியின் வேன். பச்சையம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருசப்பன் எழுந்து வந்து பெட்டி மேலிருந்த கோடாலியின் காம்பில் கையை வைத்தான். உள்ளே விரிசல் பிளந்து ஈரத்தலை ஒன்று வெளியே விழுந்தது. அதற்குத் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை, ஆனாலும் கத்தியது. மற்ற முட்டைகள் எல்லாம் உள்ளிருந்து பதில் கத்தின. தூரத்தில் இடி உறுமியது.

அவன் கையை எடுத்துக்கொண்டான். மறுபடி ஹாரன் கேட்டதும் வெளியே போய் வேன் பக்கத்தில் நின்றான்.

"கோடாலி எங்கடா?" என்றார் மேஸ்திரி.

"அதுக்கு இங்க வேல கீது மேஸ்திரி," என்றான் இருசப்பன். "முட்ட இன்னும் பொரிக்கணும். நீங்க கெளம்புங்க."

வேன் சேற்றில் உறுமித் திரும்பிப் போனது. அவன் உள்ளே வந்து கோடாலியைத் துளைகளை மறைக்காமல் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான்.